நான்கு விநாடி

பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்கிறது.
மூன்று விசிறிகளும் ஒரு மூச்சு இழுக்கின்றன,
நினைவகத்தின் விளிம்பில் நீலம் ஓடுகிறது,
பிறகு ஏதோ ஞாபகம் வந்தாற்போல
அணைந்துவிடுகிறது.

பெட்டியின் மண்டையில் ஒரு தட்டு.
மறுபடி அழுத்துகிறேன்.
மறுபடி.

மூன்று மாதச் சம்பளம் இந்த மேசைமேல் கிடக்கிறது.
மீன் ஆலையில் காட் மீனின் முதுகெலும்பை
உருவி உருவி விரல்நுனி மரத்துச் சேர்த்த காசு.
மலைப்பாதையைப் பனி மூடியதில்
மதர்போர்டு மட்டும் பதினோரு நாள்
எங்கோ ஒரு கிடங்கில் உறங்கியது.
எல்பிளாங்கிலிருந்து தம்பி வாட்செக் கேட்கிறான்:
"உன் வயலை எப்போது உழப்போகிறாய்?"
அந்த விளையாட்டில் எனக்கு
ஒன்பது ஏக்கர் கோதுமை நிலம்.
ஈஸாஃப்யோர்துரில் எனக்கு
ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய ஒரு மலை.
நவம்பர் கடைசியில் அதன் பின்னால் போன சூரியன்
இன்னும் ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை.
நினைவகத் தகடு இரண்டில் ஒன்றைப் பிடுங்கினேன்.
இடம் மாற்றிச் செருகினேன்.
பிராசஸரின் உச்சந்தலைப் பசையைத் துடைத்து
அரிசி அளவு புதிது வைத்தேன்;
அரிசி போதாதோ என்று
பட்டாணி அளவு வைத்தேன்.
எட்டு முனைக் கம்பியை
'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன்,
கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்து
கழற்றி மீண்டும் அழுத்தினேன்.
பவர் சப்ளைமேல் பழி போட்டேன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மிந்தவ்காஸ்
தன் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து
அதிலிருந்ததைக் கடன் கொடுத்தான்.
அதிலும் அதே விழிப்பு, அதே சாவு.
வேண்டாத திருகு ஏதும் போர்டின் முதுகைக் குத்துகிறதா என்று
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பித்தளைக் கால்கள் ஒன்பது. துளைகளும் ஒன்பது.
கணக்கு சரியாக இருப்பதைப்போல
எரிச்சலூட்டுவது வேறொன்றுமில்லை.

இரவு ஒரு மணிக்கு அதென்ன தட்டு, அதென்ன உறுமல் என்று
கீழ்வீட்டு ஸ்டெய்ன்வோர் வந்துவிட்டாள்.
ஊர் நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளர்.
தலைமயிரில் குளோரின் வாசம்,
கழுத்தில் கழற்ற மறந்த ஸ்டாப்வாட்ச்.
கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாள்.
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு
"அழுத்து" என்றாள்.
அழுத்தினேன்.
"அழுத்து."
ஏழு தடவை.
பசை துடைத்த காகிதத்தின் மறுபக்கம்
ஏழு தடவை நான்கு என்று எழுதிக் காட்டினாள்.
"மூழ்குகிறவர்கள் இப்படி மூழ்குவதில்லை.
ஒருவர் முந்துவார், ஒருவர் இழுத்துப்பிடிப்பார்.
இது சாகவில்லை.
இதை யாரோ நிறுத்துகிறார்கள்."

யாரோ.
இந்த அறையில் என்னைத் தவிர?

விரலைப் பார்த்தேன்.
பிறகு விரல் தொட்ட பொத்தானை.
உள்ளே போனது வெளியே வரவில்லை.
ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பிசிறு,
மீன்முள்ளைவிட மெலிது,
அதைக் கவ்விப் பிடித்திருந்தது.
ஆத்திரத்தில் நான் தட்டும்போதெல்லாம்
அது விடுபட்டிருக்கிறது, அடுத்த முறை சிக்குவதற்கு.
கையை எடுத்த பிறகும்
என் அழுத்தம் அங்கேயே நின்றிருக்கிறது.
எழு என்ற சொல்லே
நான்கு விநாடி நீண்டதும்
படு என்று ஆகியிருக்கிறது.

பொத்தானின் கம்பியை உருவிப் போட்டேன்.
வெறுமையாய் நின்ற இரண்டு ஊசிகளைத்
திருப்புளி நுனியால் தொட்டு உடனே எடுத்தேன்,
சுடுசட்டியைத் தொட்டவன்போல.

விசிறிகள் மூச்சை இழுத்தன.
"ஐந்து" என்றாள் ஸ்டெய்ன்வோர்.
"ஆறு."
ஒன்பதில் எண்ணுவதை விட்டாள்.

திரை முதலில் கேட்டது தேதியும் நேரமும்.
அதன் கணக்கில் இது ஏதோ ஒரு ஜனவரி ஒன்று,
நான் இந்த நாட்டுக்கே வராத ஆண்டு.
ஜன்னலைப் பார்த்தேன்.
இந்த ஊர் இருட்டை வைத்து
இரவு இரண்டா காலை ஒன்பதா என்று சொல்ல முடியாது.
அவளைக் கேட்டேன்.
கழுத்திலிருந்ததைத் தூக்கிப் பார்த்தாள்.

"மணி தெரியாது.
இது ஓட ஆரம்பித்துப் பதினேழு நிமிடம் ஆகிறது.
நிறுத்த மறந்துவிட்டேன்."

இருக்கட்டும், நிறுத்தாதே என்றேன்.